என்ன காரியத்துக்கு ஜெபிக்கணும்?

கிறிஸ்து பிறப்புக் கதையில் தன் வீட்டில் சௌகரியமாக இருந்தவர் என்று பார்த்தால் ஏரோது ஒருவன்தான். மற்ற எல்லாரும் வெளியில் இருக்கிறார்கள். யோசேப்பும் நிறைமாத மரியாளும் குடிமதிப்பு எழுதுவதற்காக நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வந்திருக்கிறார்கள். ராக்காவலுக்கு வயல்வெளியில் கிடந்த மேய்ப்பர்கள் சேதி காதில் விழுந்ததும் ஊருக்குள் ஓடுகிறார்கள். சாஸ்திரிகள் கிழக்கே எங்கிருந்தோ புறப்பட்டு வருகிறார்கள். அவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் எழுதவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆளுக்கொன்று என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு பள்ளி நாடகங்களில் தவறாமல் வரும் சத்திரக்காரனும் லூக்காவில் கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்று ஒரு குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். ஏரோது மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அடுத்தவர்களை அனுப்புகிறான்.

வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’யைக் கட்டியபோது யோசேப்பைத்தான் தலைவனாக வைத்தார். வளன் என்று பெயரும் கொடுத்தார். நற்செய்தி நூல்கள் நான்கையும் புரட்டினாலும் யோசேப்பு வாய் திறந்து பேசிய ஒரு வாக்கியம் கிடைக்காது. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்ன இடத்துக்குப் புறப்பட்டுப் போகிறார். பேசாமல் நடந்துகொண்டே இருந்த ஒரு மனிதரைக் காப்பியத் தலைவனாக்கலாம் என்று இத்தாலியிலிருந்து வந்த அந்த முனிவருக்குத் தோன்றியதற்கு, அவரும் ஊர் ஊராக அலைந்தே வாழ்ந்தவர் என்பது காரணமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் பக்கம், தாமிரபரணிக்குத் தெற்கே தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களில், இந்தக் கதையை யாரும் இப்படி உட்கார்ந்து ஆராய்ந்ததில்லை. ஆனால் டிசம்பர் பிறந்ததும் செய்கிற காரியத்தைப் பார்த்தால் கதையின் நாடி பிடிபட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சபை வாலிபர்கள் வீட்டில் தங்குவதில்லை. வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடக் கிளம்பிவிடுவார்கள். கேரல் ரவுண்ட்ஸ் என்பது அதன் முழுப்பெயர். ‘ரவுண்ட்ஸுக்குப் போயிருக்கான்’ என்றால் அம்மாக்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். என் சின்ன வயதில் ஒருவர் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு இருக்கும். ஆர்மோனியத்தைத் துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு டோலக், ஒரு ஜோடி ஜால்ரா. இப்போது லோடு ஆட்டோ வந்துவிட்டது, அதில் ஜெனரேட்டர், கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். சத்தம் கூடியிருக்கிறது. சுருதி கூடியிருப்பதாகச் சொல்ல முடியாது.

பாடுகிற பாட்டுகளும் நடந்து வந்தவைதான். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், கிறிஸ்துவின் கதையைச் சொல்லக் குறவஞ்சியைத் தேர்ந்தெடுத்தார். தெருத்தெருவாக வந்து வாசலில் நின்று குறி சொல்லுகிற குறத்தியைப் பெத்லகேமோடு சேர்த்துவைக்கத் தோன்றியதே, அது சாமானிய யோசனை இல்லை. இன்னொரு பக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்த பாட்டுகள். ‘சைலண்ட் நைட்’ என்று உலகமெல்லாம் பாடுகிற பாட்டு 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ப் என்கிற ஆற்றங்கரை ஊரில் முதன்முதலாகப் பாடப்பட்டது. ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் முன்பே எழுதி வைத்திருந்த வரிகளுக்குப் பிரான்ஸ் குரூபர் என்ற பள்ளிக்கூட வாத்தியார் மெட்டுப் போட்டார். பக்கவாத்தியம் ஒரு கித்தார். பனி மூடிய ஊரின் அமைதிக்காகச் செய்த அந்தப் பாட்டை எங்கள் தெருவில் டோலக்கோடு தமிழில் எடுக்கும்போது ஊர் நாய்கள் எல்லாம் கூடவே பாடும்.

பாட்டு முடிந்தவுடன் கலைந்து போய்விடுவதில்லை. கூட்டத்தோடு வரும் சபை ஊழியரான உபதேசியார் ஓர் அடி முன்னால் வந்து, கதவைத் திறந்து நிற்பவரிடம் கேட்பார்: “என்ன காரியத்துக்கு ஜெபிக்கணும்?”

நேரம் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். நிற்பவர் தூக்கக் கலக்கத்தில் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். யோசித்துப் பதில் தயார் செய்ய அவகாசமில்லை. இன்னும் இருபது வீடு பாக்கி இருப்பது அவருக்கும் தெரியும். அதனால் நெஞ்சில் மேலாக எது கிடக்கிறதோ அது வந்துவிடும். “மவளுக்கு ஒரு காரியம் அமையணும்.” “சுகர் எறங்கவே மாட்டேங்கு.” “பையன் ரெண்டாவது தடவ நீட் எழுதுதான்.” “வானம் தோண்டிப் போட்டிருக்கு, லோன் வரல.” வருஷம் முழுக்க அடுத்த வீட்டில்கூடச் சொல்லாததை, கூட்டமாக நிற்கிற பயல்களுக்கு நடுவே, ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். கோயிலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வரி வராது. சபை ஐயர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து விசாரித்தாலும் வராது. அது வாசற்படியில் நிற்கும்போது மட்டும் வருகிறது. உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நிற்கிற அந்த இடத்துக்கு ஏதோ ஒரு குணம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். யாரைப் பார்த்தாலும் எரிந்துவிழுவார். கிரிக்கெட் பந்து அவர் வளவுக்குள் விழுந்தால் பந்தை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு டிசம்பரில் அவர் வீட்டு முன்னால் பாடி முடித்ததும் உபதேசியார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வாத்தியார் பதில் சொல்லாமல் நின்றார். பையன்கள் ஆட்டோவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு மெதுவாக, “மவன் போன் பண்ணணும்” என்றார். எந்த மகன், எங்கே இருக்கிறான், ஏன் பண்ணவில்லை என்று யாரும் கேட்கவில்லை. உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு, “சார்வாள் மவன் பேசணும் ஆண்டவரே” என்று அந்தச் சொற்களையே மேலே அனுப்பிவிட்டு ஆமென் சொன்னார். அவ்வளவு சின்ன ஜெபத்தை அவர் வாயிலிருந்து அதற்கு முன்பு நாங்கள் கேட்டதில்லை. மகன் பேசினானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் டோலக் அடிக்கிற பையன் அதற்கப்புறம் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம், “சார், காப்பி குடிச்சாச்சா?” என்று காம்பவுண்டுக்கு வெளியிலிருந்து கேட்டுவிட்டுப் போவான். வாத்தியார் ‘ம்’ என்பார். அவரளவில் அது பெரிய சம்பாஷணை.

ரவுண்ட்ஸில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தாவும் உண்டு. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடி. முகமூடிக்குள் ஊர்த் தையல்காரரோ வெல்டிங் பட்டறைக்காரரோ வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருப்பார். காலில் கிடக்கிற ரப்பர் செருப்பைப் பார்த்தே பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடும். ‘எங்க மாமாதான் அது’ என்று கூடவே வருகிற பிள்ளை, அவர் திரும்பிக் கை நீட்டியதும் அலறிக்கொண்டு அம்மா முந்தானைக்குள் போய் ஒளியும். தெரிந்தும் பயப்படுகிறது, பயந்தும் மிட்டாயை வாங்கிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு இந்த வித்தை கைவருவதில்லை. நமக்குத் தெரிந்துபோனால் அதோடு விஷயம் முடிந்தது.

பகலில் நடமாடுவது பலகாரம். கன்னியாகுமரிப் பக்கம் முந்திரிக்கொத்து, தூத்துக்குடியில் மக்ரூன், எல்லா ஊரிலும் அச்சுமுறுக்கு. இதில் அச்சுமுறுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரிசிமாவில் தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள் சேர்த்துக் கரைத்துக்கொள்வார்கள். பூப்போன்ற இரும்பு அச்சு, அதற்கு ஒரு நீளக் கைப்பிடி. அச்சை முதலில் வெறுமனே எண்ணெய்க்குள் வைத்துச் சுடவைக்க வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் பிடிக்காது, அதிகமானால் மாவுக்குள் விட்டவுடன் சீறிக்கொண்டு உதிரும். பிடிக்கிற சூட்டில் எடுத்து மாவில் முக்கும்போது மேல் விளிம்புவரை போகலாம், விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாவு மேலேறி மூடிக்கொண்டு முறுக்கு கழன்று விழாது. பிறகு எண்ணெயில் இறக்கி, சலசலப்பு கொஞ்சம் அடங்கியதும் மணிக்கட்டை லேசாக ஆட்ட வேண்டும். என் பெரியம்மா ஆட்டுகிற ஆட்டில் முறுக்கு தானாக நழுவி மிதக்கும். மற்றவர்கள் கம்பியால் குத்திக்கொண்டிருப்போம். “அத ஏம்ட்டி வெரட்டுத, தானா வரும்” என்பாள்.

அச்சு எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. புது அச்சு சட்டென்று பழகாது, மாவை விடாமல் பிடித்துக்கொண்டு சண்டித்தனம் பண்ணும். அதனால் தெருவில் பழகின அச்சு ஒன்றோ இரண்டோ இருந்தால் டிசம்பர் நடுவிலிருந்து அதற்கு ஓய்வே கிடையாது. காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. கைப்பிடியில் ஆணியால் கீறின எழுத்து இருக்கும்; இப்போது அது யார் வீட்டில் இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு வீடுகளுக்கு நடுவிலும் அச்சு போய் வரும். ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். “அச்சு கேட்டாவ” என்று அது போய் நிற்கும். அந்த வீட்டில் நாலு முறுக்கும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவார்கள். சண்டை சண்டையாகவே இருக்கும், முறுக்கும் வரும்.

பலகாரத் தட்டும் இப்படித்தான். பூவேலை செய்த துணியால் மூடி, தீபாவளிக்குத் தட்டு வந்த வீடுகள், ரம்ஜானுக்குக் கஞ்சி வந்த வீடுகள் என்று நினைவாகப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். தட்டு வெறுமனே திரும்பக் கூடாது. ஒரு கை சீனியோ இரண்டு பழமோ போட்டுத்தான் திருப்புவார்கள். இதை மதநல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். கொண்டுபோகிற பிள்ளைக்கு அந்த வீட்டு நாய் கட்டியிருக்கிறதா என்பதுதான் கவலை.

குடில் வேலை தனி. கோதுமையையோ கேழ்வரகையோ பத்து நாளுக்கு முன்பே தட்டில் விதைத்துப் புல் வளர்ப்பார்கள். சிமெண்டுச் சாக்குத் தாளைக் கசக்கிச் சாயம் பூசினால் மலை. கிறிஸ்துமஸ் மரத்துக்கு சவுக்குக் கிளை, அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டால் பனி. தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்கே கோயில் உண்டு, ஆகஸ்ட் 5 திருவிழா. அந்த ஊரில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது என்னவோ உப்புதான். இந்தப் பஞ்சுப் பனியைப் பார்த்து மேல்நாட்டு மோகம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலைக்கிராமத்தில் பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை கொண்டுவந்து நிறுத்தினாரே, அதுவும் பெத்லகேமைக் கைக்கெட்டிய பொருளை வைத்துச் செய்து பார்த்ததுதான். அவருக்குக் கழுதை கிடைத்தது, எங்களுக்கு சவுக்கு.

இந்த மாதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் கடற்கரை ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கட்டின நட்சத்திரங்களை யாரும் கழற்றியிருக்கவில்லை. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்கென்று வந்தவர்களையும் கொளச்சல், மணக்குடி வீடுகளில் இருந்தவர்களையும் கடல் கொண்டுபோனது. இன்றும் அந்தக் கரையில் 25ஆம் தேதி பிறப்பு, 26ஆம் தேதி இறந்தவர் நினைவு. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அந்தக் கரையில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளில் அந்த டிசம்பரில் விளக்குக்கூடப் போடவில்லை. 2023இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஏரல் போன்ற ஊர்களைத் துண்டித்துவிட்டது. சென்னைக்குப் புறப்பட்ட திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்து ஊர்க்காரர்கள் தண்ணீருக்குள் நடந்து போய் அவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒரே வாரம்தான் இருந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் ரவுண்ட்ஸை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கீபோர்டு தண்ணீருக்குள் போயிருந்தது, ஆட்டோ போகப் பாதை இல்லை. கடைசியில் ஒரு சின்னக் கூட்டம் பிளாஸ்டிக் குடங்களில் குடிதண்ணீரும், ரொட்டிப் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியது. வாத்தியம் இல்லாமல் ஒரு பல்லவியைப் பாடினார்கள். சேறு கழுவிக்கொண்டிருந்தவர்கள் துடைப்பத்தோடு நின்று கேட்டார்கள். “என்ன காரியத்துக்கு ஜெபிக்கணும்?” என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. சுவரில் இடுப்பளவுக்கு நீர்க்கோடு தெரிந்தது. ஒரு வீட்டில் அம்மா ஒருத்தி, “நெல்லு மூடையெல்லாம் முளைச்சிட்டு” என்று மட்டும் சொன்னாள். பாட வந்தவர்களில் இரண்டு பையன்கள் உள்ளே போய் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு சுருங்கி, வேலை நீண்டுவிட்டது. ராத்திரிக்குள் பட்டியலில் பாதிகூட முடியவில்லை. நான் பார்த்த ரவுண்ட்ஸ்களில் சிறந்தது அதுதான்.

பட்டியல் என்று சொன்னேன். அதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ரவுண்ட்ஸ் எந்தத் தெருவுக்குள் திரும்பும், எந்தத் தெருவைக் கண்டும் காணாமல் தாண்டும் என்பதில் சாதி இருக்கிறது. சபை வரிசை என்பார்கள், நேரமில்லை என்பார்கள், அங்கே வேறு சபை இருக்கிறது என்பார்கள். கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கொரு பகுதி ஒதுக்கியிருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இது இன்று நேற்று வந்த நோயும் இல்லை. சாதி வழக்கத்தை விட்டுவிடச் சொன்ன புது மிஷனரிமாரோடு தஞ்சாவூரில் மல்லுக்கு நின்றவர்களில் நம்முடைய வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டு போன தெருக்களுக்கெல்லாம் அவர் போயிருப்பாரா என்பது சந்தேகம். பாட்டு அவரைவிட நல்ல கால்களோடு பிறந்திருக்கிறது. சேதி முதலில் மேய்ப்பர்களுக்குத்தான் சொல்லப்பட்டது என்று வருஷாவருஷம் வாசிக்கிறோம். ஊருக்கு வெளியே படுத்துக்கிடந்தவர்கள் அவர்கள். நம்மூரில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் யார் என்பது தெரியாததுபோலப் பாடிக்கொண்டிருப்பதற்கு ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

வாழ்த்து அட்டைகளின் காலமும் போய்விட்டது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல்தான் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்தார். அப்படிப் பார்த்தால் அதுவும் வேலை மிச்சம் பிடிக்க வந்ததுதான், வாட்ஸப்பை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆனாலும் அட்டையில் விலாசம் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது அந்த ஆள், அந்தத் தெரு, அந்த வீட்டு வேப்பமரம் எல்லாம் ஒரு நிமிஷம் வந்துபோகும். இப்போது டிசம்பர் 25 காலையில் என் போனில் விழுகிற மின்னும் நட்சத்திரப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே படம். அனுப்பியவர் என்னை நினைத்தாரா, பட்டியலை நினைத்தாரா என்று தெரியவில்லை. நானும் ஒரு மின்னும் படத்தையே திருப்பி அனுப்புகிறேன். ஏரோதும் இருந்த இடத்திலிருந்தேதான் விசாரித்தான்.

எனக்குக் கோயில் பழக்கம் விட்டுப்போய் வெகுகாலமாகிறது. தேவதூதர்கள் பாடினார்களா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் டிசம்பர் ராத்திரியில் தூரத்துத் தெருவில் ஆர்மோனியம் கேட்டால், இன்னும் எத்தனை வீடு தள்ளி இருக்கிறார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. நம் வாசலுக்கும் வருவார்கள், ஒரு கேள்வி கேட்பார்கள், நம் பேரைச் சொல்லி இருட்டுக்குள் யாரிடமோ ஒரு வரி பேசுவார்கள். ஒரு மனிதருக்கு அவர் வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய உபகாரத்தில் இதைவிடப் பெரிதாக ஒன்று எனக்குத் தெரியாது.

ஆகவே ரவுண்ட்ஸ் போகிற தம்பிமாருக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் பட்டியலில் இல்லாத தெரு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கேட்டால் வழி தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், சாஸ்திரிகளே முதலில் தப்பான ஊருக்குத்தான் போனார்கள். ஜெபம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள். தெருவில் இருக்கிறவர்களே, நீங்கள் எந்த மதமானாலும் விளக்கைப் போட்டு வெளியே வாருங்கள். ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தால் போதும். தம்பிமாரே, ஸ்பீக்கரை மட்டும் தயவுசெய்து குறைத்து வையுங்கள், பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது.